கிளினிக் கொப்பி கணனிக்குள் போகிறது



உங்கள் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நிக்காஹ் பதிவு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சொப்பிங் பேக் இருக்கும். அதற்குள் மூலை மடங்கிய கிளினிக் கொப்பிகள், எழுத்து மங்கிய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், எப்போதோ எடுத்த எக்ஸ்ரே படம், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், மகளுக்கு ரோஸ் நிறத்திலும் மகனுக்கு நீல நிறத்திலும் கிடைத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேடுகள் எல்லாம் கிடக்கும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டு ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "உம்மாவைக் கேளுங்கள்" என்றுதான் பதில் வரும்.

ஆகவே ஒரு குடும்பத்தின் நோய் வரலாற்றுக்குக் காவலாளி யார்? நீங்கள்தான். அந்தக் காவல் இப்போது மெல்ல மெல்லக் கைமாறத் தொடங்கியிருக்கிறது. காகிதத்தில் இருந்த விவரங்கள் ஆஸ்பத்திரிக் கணனிக்குள் போகின்றன. இதனை மின்னியல் சுகாதாரப் பதிவேடு என்கிறார்கள். இது நல்லதா, கெட்டதா என்று என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் சிலர் கேட்டார்கள். நான் வைத்தியனல்லன், அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டுப் பாடசாலையில் படிப்பித்துக் கொண்டிருப்பவன். என்றாலும் இது வைத்தியர்களுக்கும் கணனிக்காரர்களுக்கும் மட்டும் உரிய விடயமல்ல என்பதால், தேடிப் படித்தவற்றையும் கண்டவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நோயாளியைப் பற்றி எழுதி வைப்பது புதிய வழக்கமல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்திய அர்ராஸி, தம்மிடம் வந்தவர்களின் நோய்க் குறிகளையும் கொடுத்த மருந்தையும் முடிவையும் விடாமல் குறித்து வைத்தார். அவர் மறைந்தபின் மாணவர்கள் அவருடைய குறிப்புகளைத் தொகுத்ததே 'அல்ஹாவி' என்ற பெரும் நூலாயிற்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சொல்லும் வசனந்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதும் உங்களுக்குத் தெரியும். எழுதுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. எழுதியதை எங்கே வைப்பது, யார் பார்ப்பது என்பதில்தான் கேள்வியே இருக்கிறது.

எதுவரை வந்திருக்கிறது?

நம் நாட்டில் இது நேற்று முளைத்ததல்ல. 2010களின் தொடக்கத்தில் கம்பஹா மாவட்டத்துத் தொம்பே ஆஸ்பத்திரியில், நோயாளருக்குக் கோட்டுக் குறியீடு போட்ட அட்டை கொடுத்து, டொக்டர் மருந்தைக் கணனியில் பதிய, மருந்து கொடுக்கும் இடத்தில் அது தானாகத் திரையில் தோன்றும் முறை நடைமுறைக்கு வந்தது. பின்னர் வேறு பல அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் இம்முறை பரவியது. வடக்கிலும் சில இடங்களில் வெளிநோயாளர் பிரிவில் கணனி வந்து அமர்ந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் ஒன்றும் வகுக்கப்பட்டது. டொக்டர்மாரே இத்துறையைக் கற்பதற்குக் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 2009 முதல் ஒரு பட்டப் படிப்பை நடத்தி வருகிறது.

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரின் கையிலிருக்கும் பெரிய பதிவேட்டுக்கும் கணனிக்கும் தொடர்புண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலிருந்து தாய் சேய் நலக் கணக்குகள் கணனி வழியாகக் குடும்பச் சுகாதாரப் பணியகத்துக்குப் போகின்றன. இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். இந்த மாதம் இந்தப் பிரிவில் இத்தனை பிரசவம், இத்தனை குழந்தைகள் நிறை குறைவு என்று போவது வெறும் எண்ணிக்கை. அதில் உங்கள் பெயரில்லை. இன்ன பெயர் கொண்ட பெண்ணுக்கு இன்ன நோய், இன்ன மருந்து என்று பதிவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பயப்படவும் கூடாது, குழப்பி நிம்மதியடையவும் கூடாது.

கொரோனாக் காலம் நினைவிருக்கும். 2020 ஜனவரியிலேயே, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைக் கண்காணிக்க நம் நாட்டு நிபுணர்கள் ஒரு கணனி முறையை ஆக்கினார்கள். நோர்வே நாட்டு ஒஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் ஒரு மென்பொருளே அதற்கு அடிப்படை. இலங்கை செய்ததைப் பார்த்து வேறு நாடுகளும் பின்பற்றின. நம்மவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வன்னிக்கு வேறு கணக்கு

கொழும்பில் ஒருவர் காகிதத்தா கணனியா என்று விவாதிப்பதும், வன்னியில் இருந்துகொண்டு நாம் விவாதிப்பதும் ஒன்றல்ல. நமக்குக் காகிதம் தொலைவதென்றால் என்னவென்று தெரியும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம். ஐந்தாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். நடக்கக் கூடியதை மட்டும் தூக்கிக் கொண்டு போனவர்களில் எத்தனை பேர் கிளினிக் கொப்பியை எடுத்திருப்பார்கள்? புத்தளத்து முகாமில், இந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி போட்டாயிற்று, எது மிச்சம் என்ற கேள்விக்குத் தாய்மாரின் ஞாபகம் மட்டுமே சாட்சி. நாலைந்து பிள்ளை பெற்ற தாய்க்கு எந்தப் பிள்ளையின் எந்த ஊசி என்று எப்படி நினைவிருக்கும்?

2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக் கொண்டு போனது. 2008 இறுதியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி தருமபுரத்துக்குப் பெயர்ந்தது. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் எறிகணை விழுந்த புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியும் கைவிடப்பட, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள் நிழலிலும் வைத்தியம் நடந்தது. அப்படி நகர்ந்த ஒவ்வொரு இடத்திலும் நோயாளரோடு சேர்ந்து அவர்களுடைய பதிவுகளும் நகர்ந்திருக்கும் என்று யார் எதிர்பார்க்க முடியும்? பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குள் சீனி வியாதிக்காரர், வலிப்புக்காரர், இருதய நோயாளர், வயிற்றில் பிள்ளையோடு வந்தவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவருடைய கதையையும் டொக்டர்மார் முதலிலிருந்து கேட்டு எழுத வேண்டியிருந்தது. தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி இந்த மண்ணில் இருந்த எல்லோருக்கும் பொதுவான இழப்பு இது.

இதையே வேறொரு நாட்டில் பாருங்கள். 2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை கத்ரினா சூறாவளி மூழ்கடித்தது. காகிதத்தில் பதிவு வைத்திருந்த ஆஸ்பத்திரிகளின் நோயாளர் விவரங்கள் தண்ணீரோடு போயின. ஆனால் அந்த நாட்டு முன்னாள் படைவீரருக்கான ஆஸ்பத்திரிகளில் பதிவுகள் ஏற்கெனவே கணனியில் இருந்ததால், ஊரை விட்டு ஓடிய படைவீரர் எந்த மாநிலத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருடைய மருந்தும் நோயும் அங்கே திரையில் வந்தன. நம் மண்ணில் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. கணனிப் பதிவுக்கு ஆதரவாக நூறு காரணம் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது.

இன்னொரு காரணம் நம் நாட்டு வழக்கத்திலேயே இருக்கிறது. இங்கே எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் யாருடைய கடிதமும் இல்லாமல் போகலாம். நல்ல வசதிதான். ஆனால் வவுனியாவில் ஒரு கொப்பி, யாழ்ப்பாணத்தில் ஒரு கொப்பி, அநுராதபுரத்தில் ஒரு கொப்பி, பின்னேரம் காசுக்குப் பார்க்கும் டொக்டரிடம் ஒரு துண்டு என்று கதை நாலாகக் கிழிந்து கிடக்கும். என் உம்மாவுக்கு ஐந்து கொப்பிகள் இருந்தன. ஒருநாள் இரவு மூச்சு முட்டி, தூரத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவரைக் கொண்டு போனோம். என்ன குளிசை குடிக்கிறார் என்று அங்கே சிங்களத்தில் கேட்டார்கள். ராத்தா பையைக் கொட்டினார். மூன்று கொப்பியில் மூன்று விதமான பிரஷர் குளிசை! எது நிறுத்தியது, எது நடப்பது என்று உம்மாவுக்கே தெரியவில்லை. இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் தந்த ஒரே மருந்தை அவர் இரட்டிப்பாகக் குடித்துக் கொண்டிருந்தது அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே ஒரே சரக்கு. கணனி முறை ஒழுங்காக இருந்தால் இரண்டாவது டொக்டர் பதியும்போதே அது எச்சரிக்கும்.

மொழிப் பிரச்சினையையும் இது ஓரளவு தீர்க்கும். நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் குறியீடுகள் வைத்திருக்கிறது. ஈ 11 என்றால் பெரியவர்களுக்கு வரும் சீனி வியாதி. ஐ 10 என்றால் இரத்த அழுத்தம். தமிழ் டொக்டர் பதிந்தாலும் சிங்கள டொக்டர் வாசித்தாலும் அது ஒன்றுதான்.

சிறுநீரக நோயைச் சொல்லாமல் விட முடியாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் முல்லைத்தீவின் ஒரு பகுதியையும் விட்டு வைக்கவில்லை. இந்த நோய் ஆரம்பத்தில் சத்தம் போடாது. கால் வீங்கி, சாப்பாடு வெறுத்து, களைத்து விழும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். இரத்தத்தில் கிரியட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தே இதனைக் கண்காணிக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம் 0.8, அடுத்த வருடம் 0.9, அதற்கடுத்த வருடம் 1.1 என்று வந்தால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர் "பரவாயில்லை" என்பார். மூன்றையும் வரிசையாகப் பார்த்தால்தான் ஏறிக் கொண்டே போவது புரியும். மங்கிப்போன துண்டுகள் செய்ய முடியாத வேலை இது. கணனி அதைக் கோடாக வரைந்து காட்டும்.

பெயரில் வரும் வில்லங்கம்

இதுவரை நன்மை சொன்னேன். இனி எனக்குள்ள கவலைகள்.

முதலாவது, சிரிப்பாகவும் இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும். நம் பெண்களின் பெயர். ஒரு கிளினிக் வாசலில் நின்று "பாத்திமா" என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதி வாங்கு எழுந்து நிற்கும். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் எஃப் போடுவார், ஒருவர் பி போடுவார், ஒருவர் டி.எச். போடுவார், இன்னொருவர் வெறும் டி. போடுவார். வாப்பாவின் பெயரான முஹம்மதை எழுத எத்தனை வழி என்பதை அல்லாஹ்வே அறிவான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பாடசாலை இடாப்பில் இன்னொரு விதம். கலியாணத்துக்குப் பிறகு சிலர் கணவரின் பெயரை முன்னால் போடுகிறார்கள், சிலர் வாப்பாவின் பெயரையே வைத்துக் கொள்கிறார்கள்.

மனிதருக்கு இது பிரச்சினையில்லை. கிளினிக்கில் பழகிய மிஸ்ஸி முகத்தைப் பார்த்தே, "இவர் நீராவிப்பிட்டி பாத்திமா, அவர் ஹிஜ்ராபுரம் பாத்திமா" என்று சொல்லி விடுவார். கணனிக்கு முகம் தெரியாது, எழுத்து மட்டுந்தான் தெரியும். எழுத்து மாறினால் ஒரே பெண்ணை இரண்டு பேராக்கி விடும். அவருடைய பென்சிலின் ஒவ்வாமை ஒரு கோப்பிலும் இன்றைய காய்ச்சல் மற்றக் கோப்பிலும் இருக்கும். அல்லது இரண்டு பெண்களை ஒருவராக்கி விடும். அது இன்னும் மோசம். ஒருவருடைய இரத்த வகை மற்றவருடைய பெயரில் நின்றால் என்னவாகும்?

இதற்காகத்தான் இலக்கம் தேவைப்படுகிறது. அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது 2016 முதல் 12 இலக்கமாக மாறியது. பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். ஒரே பெண்ணுக்கு இரண்டும் பதிவாகியிருக்கலாம். அதோடு அந்த இலக்கம் ஊமையல்ல. முதலில் பிறந்த ஆண்டு, அடுத்து ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைப் பார்த்தவருக்கு நீங்கள் பெண் என்பதும் உங்கள் வயதும் தெரிந்துவிடும். வயதை மறைக்க ஆசைப்படுகிற சகோதரிகள் மன்னிக்க வேண்டும்! பிறந்த குழந்தைக்கு அடையாள அட்டையே கிடையாது என்பதும் இருக்கிறது. ஆகவே சுகாதாரத்துக்கென்றே தனி இலக்கம் என்ற ஏற்பாடு சரியானதுதான். அதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பின்பற்றினால்தான் பயன்.

அமானிதம் யார் கையில்?

இரண்டாவது கவலை இரகசியம். இதுதான் பெண்களுக்கு உயிர்நாடி.

நம் ஊர்கள் சிறியவை. கலைந்த கரு, தாமதமாகும் பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, மனச்சோர்வுக்கு எடுக்கும் குளிசை, வீட்டில் அடி வாங்கி வந்த காயம், கூடாத ஒரு நேரத்தில் அரளி விதையைக் கையில் எடுத்த பிள்ளை என்று டொக்டரிடம் மட்டும் சொன்ன விடயங்கள் எத்தனையோ பெண்களுக்கு இருக்கும். அது வெளியே போனால் ஒரு கலியாணம் நின்று போகலாம், ஒரு வீட்டின் கதவு மூடப்படலாம். நோயாளி சொன்னது டொக்டரிடம் ஓர் அமானிதம். காகிதத்தில் இருந்தபோது அதைத் திருட விரும்புபவர் அறைக்குள் புகுந்து அந்தக் கொப்பியை எடுக்க வேண்டும். கணனியிலோ கடவுச்சொல் தெரிந்தவர் யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். எங்கோ முகம் தெரியாத திருடனைவிட, பக்கத்துத் தெருவிலிருந்து வந்து அங்கே தட்டச்சு செய்யும் பிள்ளையை நினைத்துத்தான் நம் பெண்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

உலகத்தில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரைவிடக் கணனியில் கெட்டிக்கார நாடு எது? அங்கே 2018இல் 15 இலட்சம் நோயாளரின் விவரங்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டே, எச்.ஐ.வி. தொற்றுள்ள 14,200 பேரின் பெயர் விவரங்கள் இணையத்தில் வெளியானது தெரிய வந்தது. பின்லாந்தில் 2020இல் நடந்தது நெஞ்சைப் பதற வைக்கும். மன நோய்க்கு ஆலோசனை வழங்கிய நிறுவனம் ஒன்றின் பதிவுகளைத் திருடியவன், நோயாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, பணம் தராவிட்டால் நீ ஆலோசகரிடம் சொன்னதையெல்லாம் ஊருக்குக் காட்டுவேன் என்று மிரட்டினான். பல்லாயிரம் பேர் அதில் சிக்கினார்கள்.

வன்னி மக்களுக்கு இன்னுமொரு காயம் இருக்கிறது. போர்க்காலத்திலும் முகாமிலும் எத்தனை பேர் எத்தனை படிவங்களில் நம்மைப் பதிந்தார்கள்! எதற்கென்று சொன்னவர் சிலர், சொல்லாதவர் பலர். பெயர் எழுதுகிறோம் என்றாலே உள்ளம் சுருங்குகிற வயதான உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "கணனியில் போடுகிறோம், நல்லது" என்று ஒற்றை வரியில் சொன்னால் போதாது. யார் பார்ப்பார்கள், எதற்குப் பார்ப்பார்கள், யாருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று தமிழில் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. உடல்நலம் பற்றிய விவரத்தை அது விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும், பிழையென்றால் திருத்தச் சொல்லவும் அது உரிமை தருகிறது. ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர வேண்டிய திகதி தள்ளிப் போடப்பட்டது. கணனி முன்னால் ஓடுகிறது, சட்டம் மூச்சு வாங்கிக் கொண்டு பின்னால் வருகிறது.

எஸ்தோனியா என்று ஒரு சிறிய நாடு. சனத்தொகை 15 இலட்சத்துக்கும் குறைவு. 2008 முதல் அங்கே நாடு முழுவதற்கும் ஒரே மின்னியல் சுகாதாரப் பதிவேடு. அங்கே எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்றுண்டு. யார் உங்கள் கோப்பைத் திறந்தாலும் அவருடைய பெயரும் நேரமும் பதிவாகும். அதை நீங்களே பார்க்கலாம். உங்களுக்கு வைத்தியம் பார்க்காத ஒருவர் சும்மா எட்டிப் பார்த்திருந்தால் கேள்வி கேட்கலாம். நம் நாட்டில் இந்த முறையை விரிவாக்குபவர்கள் வேறெதைத் தள்ளி வைத்தாலும் இந்த ஒன்றைத் தள்ளி வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கரண்ட் போனால்?

மூன்றாவதாக, கணனியில் போட்டால் தொலையாது என்ற நம்பிக்கை. இதுவும் முழு உண்மையல்ல. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்குரிய பெருந்தொகைத் தரவுகள் அரசாங்கக் கணனிக் களஞ்சியத்திலிருந்து அழிந்து போனதாகச் செய்தி வந்து நாடே பரபரப்பானது. 2023இல் அதே களஞ்சியத்தை ஒரு தீய மென்பொருள் தாக்கியது. அரசாங்க அலுவலகங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைக்கப்படாததால் அந்த நாட்களின் தரவுகள் போனவை போனவைதான். இது மின்னஞ்சல். நோயாளர் பதிவாக இருந்திருந்தால்? டில்லியிலுள்ள எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2022 நவம்பரில் இப்படியொரு தாக்குதல் நடந்து, இரண்டு வாரமளவில் எல்லாவற்றையும் கையால் எழுதியே சமாளித்தார்கள்.

2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறக்க முடியுமா? அந்த நேரத்தில் கணனியை மட்டும் நம்பியிருக்கும் கிளினிக் என்ன செய்யும்? உடனே காகிதக் கட்சிக்காரர் வெற்றி பெற்றதாக நினைக்க வேண்டாம். அதே 2022 மார்ச்சில் காகிதமில்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே ஒத்தி வைக்கப்பட்டது. நாடு வங்குரோத்தானால் இரண்டுக்கும் ஆபத்துதான்.

இன்னொன்று, டொக்டரின் முகம். அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வொன்று, டொக்டர்கள் நோயாளரோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைக் கணனியோடும் மேசை வேலையோடும் செலவிடுவதாகச் சொன்னது. நமது ஊர் கிளினிக்கில் விடியற்காலையிலேயே துண்டு எடுத்துக் காத்திருந்து, உள்ளே போனால் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதிலும் பாதியைத் திரை பிடுங்கிக் கொண்டால், வாயைத் திறக்க வெட்கப்படும் பெண் எப்போது சொல்வாள்? பதிவதற்கென்று தனியாக ஓர் ஆளை வைக்காமல் கணனியை மட்டும் கொண்டுவந்து வைப்பதில் பயனில்லை. ஆனால் அந்த ஆள், அவள் சொல்வதைக் கேட்கக் கூடாத ஆளாக இருந்தால் அதுவும் சிக்கல். ஒன்றைத் தீர்க்கப் போய் இன்னொன்று வருகிறது. பெண்கள் கிளினிக்கில் பதிவதற்குப் பெண்ணையே நியமிப்பது பெரிய செலவான காரியமல்ல. ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்கள் இதைப் பேசலாம்.

பணக்கார நாடுகளும் இதில் கை சுட்டிருக்கின்றன. இங்கிலாந்து 2002இல் நாடு முழுவதற்கும் ஒரே கணனிப் பதிவு என்று தொடங்கி, பல நூறு கோடி பவுண் செலவழித்து, 2011இல் அந்தத் திட்டத்தைக் கலைத்தது. மேலேயிருந்து ஒரேயடியாகத் திணித்தது ஒரு காரணம் என்கிறார்கள். தொம்பேயில் செய்தது போல ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கிப் படிப்படியாகப் போவது நமக்கு ஏற்றது.

இப்போது நீங்கள் செய்யக் கூடியது

கணனி வந்துவிட்டது என்று சொப்பிங் பேக்கை எறிந்து விடாதீர்கள். இன்னும் பல வருடங்களுக்கு அது வேண்டும். இரத்தப் பரிசோதனைத் துண்டுகளில் பல, வெப்பத்தால் எழுத்து வரும் தாளில் அச்சிட்டவை. சில மாதங்களில் வெள்ளையாகிவிடும். கையில் கிடைத்த அன்றே போனில் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி இரகசியத்தைக் காக்கவில்லை என்று குறைப்படும் நாமே, மருமகளின் ஸ்கான் துண்டை நாற்பது பேர் இருக்கும் குழுவில் போட்டு துஆச் செய்யச் சொல்கிறோம்! துஆவுக்கு ஸ்கான் படம் எதற்கு?

ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில், ஒத்துக்கொள்ளாத மருந்து, தொடர்ந்து குடிக்கும் குளிசைகளின் பெயரும் அளவும், செய்த ஒபரேஷன், இரத்த வகை ஆகியவற்றை எழுதி வையுங்கள். வெளிநோயாளர் பிரிவில் அட்டை தந்தால், அதைச் சிறுபிள்ளையின் அட்டையோடு கலந்து விடாமல் தனித்தனி உறையில் போடுங்கள். ஒருவருடைய அட்டையைக் காட்டி இன்னொருவருக்கு மருந்தெடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அயல்வீட்டு மாமிக்கு உதவி என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் கணனியில் அந்த மாமியின் சீனி வியாதி உங்கள் பெயரில் ஏறிவிடும். பிறகு இறக்குவது இலேசல்ல.

பதிபவர் பெயரைக் கேட்கும்போது வாயால் சொல்லாமல் அடையாள அட்டையைக் கொடுத்து, அதிலுள்ள எழுத்தையே போடச் சொல்லுங்கள். பதிந்து முடிந்ததும் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத உம்மாமாரோடு பேத்தி யாராவது போகட்டும். பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு எழும்புங்கள். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே திருத்திக் கொள்ளுங்கள். அடுத்த தவணைக்கு வேறொருவர் அந்த மேசையில் இருப்பார்.